எறிவதும் பெறுவதும்

(பங்கின் பொன்விழாவையொட்டிக் கூடிய பெற்றோர் – இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)

 

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் பிள்ளைகளைச் சிறு சிறு குழுக்களாகச் சேர்த்து, பொருளை வீணாக்காமல் வாழும் வழியைக் கைவேலையாகவே கற்பித்து வருகிறவர்கள் நாங்கள். அதுபற்றி அரைமணி நேரம் பேசும்படி கேட்டுக்கொண்டார்கள். பாதி நேரம் போதும் என்றோம். சமையற்கூடத்து வாசனை இங்குவரை வருகிறது. அதனோடு போட்டியிட எங்களால் ஆகாது.

'சுழற்சிப் பொருளாதாரம்' என்று இந்நாளில் நூல்களில் எழுதுகிறார்கள். ஒரு பொருளை எடுத்தோம், ஆக்கினோம், அனுபவித்தோம், எறிந்தோம் என்று முடித்துவிடாமல், எறிவதை இன்னொருவர் பெற்றுப் பயன்கொள்ளும்படி திருப்பிவிடுவதே அது. பெயர்தான் புதிது. நம் பாட்டன்மார்களுக்கு இதை விளக்கப் புகுந்தால் சிரித்திருப்பார்கள். பெண்ணையாற்று நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. பங்காரி என்னும் பெண்மணி வெட்டுவித்த வாய்க்கால் என்று ஊரார் சொல்லுவர். அந்த நீரில் நெல் விளைந்தது. அரிசி நமக்கு, தவிடும் வைக்கோலும் மாட்டுக்கு, சாணம் எருக்குழிக்கு, எரு மறுபடி வயலுக்கு. கோடையில் ஏரி வற்றியதும் அடியில் படிந்த வண்டலை மாட்டு வண்டிகளில் ஏற்றிச் சென்று வயலில் கொட்டினார்கள். ஏரி ஆழமாயிற்று, வயலும் கொழுத்தது.

ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபின் ஏரியைக் கவனிப்பார் குறைந்தனர். உரமூட்டை வந்தபின் வண்டலைத் தேடுவாரும் குறைந்தனர். 1990-களின் இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டம் புதுவைப் பகுதியின் 84 ஏரிகளை எடுத்துக்கொண்டு, ஊராரைச் சங்கமாகச் சேர்த்து வேலை செய்தது. நல்ல காரியம். ஆயினும் இன்று ஒரு குளத்திலோ ஏரிக்கரையிலோ மண் எடுக்கப் போனால், மண்வெட்டியில் முதலில் சிக்குவது பாலிதீன் பை. அந்த மண்ணை நம்பி வயலில் கொட்ட எந்த விவசாயிக்கு மனம் வரும்? பல தலைமுறையாக நடந்துவந்த சுழற்சியை ஒரு பிஸ்கட் உறை மறித்துக்கொண்டு நிற்கிறது.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். 2019-இல் புதுவை அரசும், 2022 ஜூலை முதல் நாளிலிருந்து மத்திய அரசும், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றைத் தடை செய்தன. ஆனால் மத்திய அரசின் அந்தப் பட்டியலில் பிஸ்கட், சிப்ஸ் உறைகள் சேரவில்லை. ஆகவே பாதி வேலை நம் தலைமேல்தான்.

இனி, பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் விதம். ஓவியப் போட்டி, பேச்சுப் போட்டி, பதாகை ஏந்திய ஊர்வலம், முடிவில் ஒரு சான்றிதழ். இவற்றை நாங்கள் இகழவில்லை. ஆனால் மட்கும் குப்பை, மட்காக் குப்பை என்று இரண்டு கூடைகளில் பிள்ளை அக்கறையாகப் பிரித்து வைக்க, மறுநாள் காலை ஒரே வண்டி வந்து இரண்டையும் ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போனால், அந்தப் பிள்ளை கற்றுக்கொள்வது என்ன? பெரியவர்கள் சொல்லுவது மேடைக்கு மட்டும் என்பதைத்தான். இதைவிடக் கெட்ட பாடம் வேறில்லை. எனவே நாங்கள் ஒரு விதி வைத்துக்கொண்டோம்: பெற்றுக்கொள்ள ஆள் யாரென்று தெரியாமல் எந்தப் பொருளையும் பிரிக்கச் சொல்லுவதில்லை.

அதனால் எங்கள் முதல் வகுப்பு பழைய இரும்புக் கடையில் நடக்கிறது. ஐந்தாறு பேர் கொண்ட குழு ஒன்று, தங்கள் வீடுகளில் ஒரு வாரம் சேர்ந்ததை நிறுத்துக் குறித்துக்கொண்டு அங்கே போகும். கடைக்காரர் தண்ணீர்ப் புட்டியை ஒருபுறமும், பால் உறையை ஒருபுறமும் போடுவார். சிப்ஸ் உறையை வாங்கமாட்டேன் என்பார். ஏன்? பிளாஸ்டிக்கும் அலுமினியமும் படலம் படலமாக ஒட்டியிருக்கின்றன. பிரிக்க முடியாது, ஆகவே விலை இல்லை. புட்டியின் அடியில் முக்கோணத்துக்குள் இருக்கும் எண்ணைப் பார்க்கவும் அங்கேதான் கற்கிறார்கள். 1 என்றால் ஒரு வகைப் பிளாஸ்டிக், 5 என்றால் வேறு வகை. ஆரோவில்லைச் சேர்ந்த வேஸ்ட்லெஸ் அமைப்பினர் பள்ளிகளுக்கென்று 'கார்பாலஜி 101' என்னும் பாடத்தொகுப்பையே ஆக்கியிருக்கிறார்கள். விளையாட்டும் குழுவேலையுமாக அமைந்தது அது. ஆயினும் எங்கள் அனுபவத்தில், தராசைக் கையில் பிடித்திருக்கும் கடைக்காரரைப் போன்ற ஆசிரியர் கிடைப்பது அரிது.

அடுத்தது வைக்கோல். இதற்கு நம் மண்ணிலேயே முன்னோடி உண்டு. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் வில்லியனூரைச் சுற்றிய கீழூர், சிவராந்தகம் முதலிய ஊர்களில் 'உயிர்க்கிராமம்' என்ற திட்டத்தை நடத்தியது. 1954-இல் புதுவையின் எதிர்காலத்தை வாக்கெடுத்து முடிவு செய்த அதே கீழூர்தான். கையிலிருக்கும் வைக்கோலையும் சாணத்தையும் கொண்டே ஏழைக் குடும்பம் வருமானம் காணவேண்டும் என்பது அதன் நோக்கம். காளான் வளர்ப்பு அதில் ஒன்று. எங்கள் குழுக்களும் அதைச் செய்கின்றன. வைக்கோலை நறுக்கி ஊறவைத்து, வேகவைத்து, ஈரம் வடித்து, பையில் அடுக்கடுக்காகக் காளான் வித்தோடு நிரப்பித் தொங்கவிட்டால், மூன்று நான்கு வாரத்தில் சிப்பிக்காளான் வெடித்து வருகிறது. அறுவடை ஓய்ந்தபின் மிஞ்சும் வைக்கோல் எருக்குழிக்குப் போகிறது. குழியைக் கிளறும்போது உள்ளே கைவைத்துப் பார்க்கச் சொல்லுவோம். சூடு தெரியும். "உள்ளே யார் அடுப்பு வைத்தது?" என்று சின்னஞ்சிறுசுகள் கேட்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களின் வேலை என்பதை அந்தச் சூடு ஒரு நொடியில் புரியவைத்துவிடுகிறது.

ஒருமுறை எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி எழுந்து, "எல்லாம் சரி, காளான் வளர்க்கிற பையே பாலிதீன் பைதானே, அது எங்கே போகும்?" என்று கேட்டாள். அன்று அந்தக் கேள்வியின் மேலேயே வகுப்பு முழுதும் ஓடியது. பையைக் கிழிக்காமல் அவிழ்த்து, கழுவிக் காயவைத்து, பழைய இரும்புக் கடைக்காரர் வாங்குகிறாரா என்று அந்தக் குழுவே போய்க் கேட்டு வந்தது. சுத்தமாயிருந்தால் வாங்குவாராம். கழுவும் வேலை கூடியது. காளான் விலையில் அதையும் கணக்கிட வேண்டும் என்று ஒரு பையன் வாதாடினான். பொருளாதாரம் என்பது அதுதானே!

காகிதத்துக்கும் பக்கத்திலேயே இடமிருக்கிறது. மண்ணாடிப்பட்டு கொம்யூனில் உள்ள திருக்கனூரின் காகிதக்கூழ்ப் பொம்மைகளும், வில்லியனூரின் சுடுமண் வேலையும் 2011-இல் புவிசார் குறியீடு பெற்றவை. பழைய நோட்டுப் புத்தகத்தைக் கூழாக்கிப் பொம்மை செய்து பார்த்த பிள்ளை அடுத்த நோட்டில் பாதிப் பக்கத்தை வெறுமனே விட்டுவைப்பதில்லை.

இப்போது பெற்றோர்களிடம் சற்று வெளிப்படையாகப் பேசவேண்டும். "எம் பிள்ளை குப்பை அள்ளவா வந்தான்?" என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஒரு தெருவார் எறிவதும் இன்னொரு தெருவார் அள்ளுவதுமாக நம் ஊர்கள் நெடுங்காலம் இருந்துவிட்டன. எறிகிறவன் கண்ணுக்கு எறிந்த பொருள் மறைந்துபோனதே அதனால்தான். ஆகவே எங்கள் குழுக்களில் எந்த வேலை யாருக்கு என்பது சீட்டுக் குலுக்கித்தான் முடிவாகும். எல்லாத் தெருப் பிள்ளைகளும் ஒரே குழுவில் இருப்பார்கள். பெண்பிள்ளைகள் பெருக்க, ஆண்பிள்ளைகள் கணக்கெழுத என்பதும் கிடையாது. இதற்கு உடன்படாமல் பிள்ளையைத் திருப்பி அழைத்துக்கொண்டவர்களும் உண்டு. சீட்டை மட்டும் நாங்கள் விடுவதாயில்லை.

இன்னொன்று. இந்த விழாவுக்கென்று சாலை நெடுகக் கட்டியுள்ள பிளக்ஸ் தட்டிகளை வரும்போதே எண்ணினோம். எண்ணிக்கையைச் சொல்லி விருந்தோம்பலுக்குக் குறை வைக்கமாட்டோம்! அவற்றைத் தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். நச்சுப்புகை வரும். வைக்கோல் போருக்கு மூட, நெல் காயவைக்க யாருக்கு வேண்டும் என்று முதலில் ஒரு குழு வீடுவீடாகக் கேட்டு எழுதட்டும்; பிறகு அவிழ்க்கலாம். இன்றைய சாப்பாட்டு இலைகள் எந்த வீட்டு மாட்டுக்குப் போகின்றன என்பதும் நேற்றே பேசி முடிந்தது. இலையில் காகிதத் துண்டைப் போட்டுவிடாதீர்கள். மாடு அதையும் சேர்த்துத் தின்றுவிடும்.

முதல் குழு வருகிற ஞாயிறு மாலை நான்கு மணிக்குப் பள்ளி வேப்பமரத்தடியில் கூடும். பத்து வயதுக்கு மேற்பட்ட எவரும் வரலாம். ஒரு சாக்கு, ஒரு நோட்டு, பென்சில் கொண்டுவாருங்கள். தராசை நாங்கள் கொண்டுவருகிறோம். சீட்டு எழுதி வைத்தாயிற்று.