சொன்ன தேதிக்குச் சரக்கு



இன்று வேளாண் வணிகத்தில் பட்டம் பெறும் பிள்ளைகளே, வயலுக்குப் பொட்டாஷ் தூவும் வீட்டிலிருந்து உங்களில் பலர் வந்திருப்பீர்கள். அந்த உரத்தை நம் நாடு கிட்டத்தட்ட முழுவதுமே இறக்குமதி செய்கிறது. உலகில் அதை மிக அதிகமாக வெட்டியெடுக்கும் நாடு கனடா; அங்கேயும் பெரும்பகுதி சஸ்காட்சுவான் என்ற ஒரே மாகாணத்தில். மைசூர் பருப்பும் மஞ்சள் பட்டாணியும் அங்கேதான் ஏராளமாக விளைகின்றன.

இவ்வளவு வளமுள்ள மாகாணத்துக்குக் கடற்கரை இல்லை. ராக்கி மலையைத் தாண்டி வான்கூவர் துறைமுகத்துக்கு 1,500 கிலோமீட்டருக்கு மேல் ரயிலில் போக வேண்டும். இருப்பவை இரண்டு பெரிய ரயில் கம்பெனிகள். பிரேசர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இரண்டும் தண்டவாளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன: ஒருவர் பாதையில் எல்லா வண்டிகளும் கடலை நோக்கிப் போகும், மற்றவர் பாதையில் திரும்பி வரும். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால் 2021 நவம்பர் பெருமழையில் இரண்டு பாதைகளும் ஒருசேர அறுந்தன. வடக்கே பிரின்ஸ் ரூபர்ட் துறைமுகம் உண்டு. அங்கே போவதும் ஒரே கம்பெனியின் தண்டவாளம்தான்.

வெள்ளம் இயற்கை. மற்றவை மனிதர் பேசி முடிக்காத விஷயங்கள். 2023 ஜூலையில் கனடாவின் மேற்குக் கரைத் துறைமுகங்களில் 13 நாள் வேலைநிறுத்தம். 2024 ஆகஸ்ட் 22 அன்று இரண்டு ரயில் கம்பெனிகளும் ஒரே நாளில் கதவடைப்புச் செய்தன. 9,000க்கும் அதிகமான தொழிலாளர்கள் வெளியே நின்றார்கள். அரசு அன்றே தலையிட்டு நடுவர் தீர்ப்புக்கு உத்தரவிட்டது. வண்டிகள் ஓடின. வாங்குபவரின் அச்சம் அதனால் தீர்ந்துவிடவில்லை. பேச்சுவார்த்தையில் முக்கியமாக நின்றவை பணிநேரமும் ஓய்வும். மலைப்பாதையில் மிக நீளமான சரக்கு வண்டியை ஓட்டுபவர் கண் அயராமல் இருக்க வேண்டும் என்பதும் நம்பகத்தின் ஒரு பகுதியே. அதைக் கெடு முடிவதற்கு வெகு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

நான் தூத்துக்குடியில் பல ஆண்டுகள் பருப்பு இறக்குமதி செய்தவன். கப்பல் ஒரு வாரம் பிந்தினால் கிட்டங்கி காலியாகக் கிடக்கும், மில் நிற்கும், மூட்டை தூக்குபவருக்கு அன்றைய கூலி இல்லை. ஆகவே எங்கோ நின்ற ரயிலைப் பற்றி இங்கே பேசுகிறேன்.

ஆனால் விற்பவரை மட்டும் குறை சொல்லி முடிக்க மாட்டேன். 2017 நவம்பரில் இந்தியா பட்டாணிக்கு 50 சதவீத வரி விதித்தது, உடனடியாக. கடலில் மிதந்துகொண்டிருந்த சரக்கும் அதில் சிக்கியது. 2023 டிசம்பரில் வரியே வேண்டாம் என்றோம். 2025 நவம்பரில் மீண்டும் 30 சதவீதம். நம் விவசாயிக்கு விலை கிடைக்க வரி தேவைப்படலாம்; அதை மறுக்கவில்லை. ஆனால் எதை விதைப்பது என்று சஸ்காட்சுவான் விவசாயி வசந்தத்துக்கு முன்பே முடிவு செய்கிறார். விதைத்த பிறகு வரியை மாற்றினால் அவர் என்ன செய்வார்? நாம் நம்பத்தகுந்தவராக வாங்கினால்தான், பாதையிலும் துறைமுகத்திலும் பணம் போட அவர்களுக்குத் துணிவு வரும்.

பிள்ளைகளே, நாளை உங்களில் யாரோ ஒருவர் மேசைக்கு ஒரு வரிமாற்றக் கோப்பு வரும். கையெழுத்திடும் முன், அது அமலுக்கு வரும் தேதியைப் பாருங்கள். அதை விதைப்புக் காலத்துக்கு முன்பே அறிவிக்கச் சொல்லிக் குறிப்பு எழுதுங்கள்.