குடித்தால்தான் நித்திரை வருமா?

(மீள்குடியேறிய மக்களுடனான கிராமச் சந்திப்பொன்றில் ஆற்றிய உரை)



வீட்டுத்திட்டம், கண்ணிவெடி, கிணறு துப்பரவாக்கல் பற்றியெல்லாம் இந்தக் கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்று பேசப்போவது, எல்லோருக்கும் தெரிந்தும் ஒருவரும் வாய்திறக்காத விடயம்: குடி.

முகாமிலிருந்து திரும்பிய ஓர் ஐயா என்னிடம் சொன்னார்: "பிள்ளை, நான் சந்தோசத்துக்குக் குடிக்கேல்லை. கண்ணை மூடினால் பழசெல்லாம் வருது. குடிச்சால்தான் நித்திரை." இதைக் கேட்டபின், குடிப்பவரைக் கெட்டவர் என்று திட்டிவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

ஆனாலும் அவருக்கு ஓர் உண்மையைச் சொன்னேன். சாராயம் கெதியாகக் கண்ணயர வைக்கும். நடுச்சாமத்துக்குப் பிறகு அதே சாராயம் நித்திரையைக் குழப்பும். விழிப்பு வரும், கெட்ட கனவு கூடும், விடிந்ததும் மனம் இன்னும் சோரும். நாள் செல்லச் செல்ல அதே நித்திரைக்குக் கூடுதலாகக் குடிக்க வேண்டிவரும். துக்கம் குறையாது, கடன்தான் ஏறும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். நாளுக்கு 300 ரூபா என்றால் மாதம் 9,000 ரூபா. அரைகுறையாக நிற்கும் உங்கள் சுவரைப் பார்த்தபடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். காசு குறைவென்று கசிப்புக்குப் போனால் ஆபத்து இன்னும் பெரிது. அதில் என்ன கலந்திருக்கிறதென்று காய்ச்சுபவருக்கே தெரியாது. மெதனோல் கலந்திருந்தால் கண்பார்வை போகலாம், உயிரும் போகலாம்.

இனிச் சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். பல காலமாக நாள்தோறும் நிறையக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக்கூடாது. அவரை அறையில் பூட்டி வைக்கவும் கூடாது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்குள் கைநடுக்கம், வியர்வை, வலிப்பு வரலாம். இல்லாத உருவங்கள் தெரியலாம். இது பேயுமல்ல, செய்வினையுமல்ல. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். அங்கே மருந்து தந்து பாதுகாப்பாக நிறுத்த உதவுவார்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் காசு இல்லை. மனநலப் பிரிவுக்குப் போனால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. நித்திரை வராததற்கும் அங்கே வைத்தியம் உண்டு.

அம்மாமாரே, அடியை வாங்கிக்கொண்டு "வெறியில் செய்துவிட்டார்" என்று மறைக்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. உயிருக்கு ஆபத்தென்றால் பொலிஸ் அவசர இலக்கம் 119. மனநல ஆலோசனைக்கு 1926.

ஐயாமாரே, பிள்ளையைப் போத்தல் வாங்க அனுப்ப வேண்டாம். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மதுபானம் விற்பது சட்டப்படி குற்றம். இன்று போத்தல் தூக்கிவரும் கை, நாளைக்கு அதைத் திறக்கவும் பழகும்.

அந்த ஐயா இப்போது மாதாந்தம் கிளினிக்குக்குப் போகிறார். இடையில் ஒருமுறை வழுக்கினார், திரும்பவும் போனார். வழுக்கியவரைச் சிரிக்காமல் கைகொடுத்து எழுப்புவது அயலவராகிய எங்கள் பொறுப்பு.

இத்தனை இழப்புக்குப் பிறகு ஊருக்குத் திரும்பியிருக்கிறோம். மிச்சமிருக்கும் ஒருவரையும் குடிக்குக் கொடுக்க வேண்டாம்.