பொய் மணமும் மெய்ப் பிறப்பும்
(இலக்கிய வட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விஸ்வநத்தத்தில் கூடும் அவையில் காதலைப் பற்றிப் பேசப் புகுவோர் முதலில் சுவரை நிமிர்ந்து பார்ப்பது நல்லது. சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கும். ஆடிப் பெருக்கு வந்தால் அடுத்த ஆண்டுக்கான நாள்காட்டி ஆல்பங்களை வெளியிடுவது சிவகாசியின் நெடுநாள் வழக்கம். கோவில்பட்டியில் இருந்த ஓவியர் கொண்டையராஜுவும் (1898-1976) அவருடைய மாணாக்கர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசி அச்சகங்களில் பல்லாயிரமாய்ப் பெருகித் தமிழர் வீடுகளுக்குச் சென்றன. அந்த வழியில் வந்த படங்களுள் வள்ளி தெய்வானையுடன் முருகன் நிற்கும் படத்தைக் காணாதவர் இரார்.

ஒருபுறம் இந்திரன் மகள், மறுபுறம் குறவர் மகள். ஆயினும் பெரும்பாலான படங்களில் இருவருக்கும் ஒரே நிறம், ஒரே பட்டு, ஒரே அணிகலன். தினைப்புனத்துப் பரண்மேல் வெயிலில் நின்று கவண்கல் எறிந்தவள் எவள் என்று கேட்டால் விடை சொல்லத் தயங்க வேண்டியிருக்கும். இதை அச்சு மையின் குறை என்று சொல்லிவிட முடியாது. கதை சொன்னவர்களே அந்த வேறுபாட்டை முன்னரே அழித்துவிட்டார்கள். அழித்தது எவ்வாறு, எதற்காக என்பதே இவ்வுரையின் பொருள்.

பொய்யாக ஏற்றுக்கொண்ட உறவு நாளடைவில் மெய்யாகிவிடும் கதைகள் உண்டு. பொய் சொல்லும் இருவரும் வெவ்வேறு உலகத்தவராக இருந்துவிட்டால் கதைக்குச் சுவை கூடும். தமிழில் இவ்வகைக்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு 1955-இல் வெளிவந்த 'மிஸ்ஸியம்மா' திரைப்படம். நாகிரெட்டி, சக்ரபாணி ஆகியோரின் விஜயா நிறுவனத்துக்காக எல்.வி. பிரசாத் இயக்கிய படம் இது. தெலுங்கில் 'மிஸ்ஸம்மா' என்றும் தமிழில் 'மிஸ்ஸியம்மா' என்றும் ஒரே காலத்தில் உருவாயிற்று. கதையின் வேர் வங்காளத்தில் உள்ளது. ரவீந்திரநாத் மைத்ரா எழுதிய 'மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்' என்பது அதன் பெயர்.

ஒரு ஜமீன்தார் தாம் நடத்தும் பள்ளிக்கு ஆசிரியர் தேடுகிறார். கணவனும் மனைவியுமாக இருவர் வேண்டும், இருவரும் பட்டதாரிகளாக இருக்க வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. வேலையற்ற இந்து இளைஞனும், கடன் தொல்லையில் சிக்கிய மேரி என்ற கிறித்தவப் பெண்ணும் தம்பதியராக நடிக்க உடன்படுகிறார்கள். ஜெமினி கணேசனும் சாவித்திரியும் அவ்விருவராக நடித்தார்கள். நெருக்கத்தைவிட எரிச்சலே அவர்களிடையே முதலில் வளர்கிறது. ஜமீன்தார் வீட்டாரின் பரிவும் சடங்குகளும் மேரிக்குப் பொறுக்கவில்லை. வெளியே மனைவி, உள்ளே அந்நியள். இந்த இரட்டை வாழ்க்கையை நகைச்சுவையாகவே நடத்திச் செல்லும் படம் ஒரு நுட்பத்தை மட்டும் விடாமல் பற்றிக்கொள்கிறது. ஜமீன்தாரின் இளைய மகளுக்கு அவன் இசை கற்பிக்கத் தொடங்கியதும் மேரிக்குச் சினம் வருகிறது. பொய் மனைவிக்கு ஏன் மெய்ப் பொறாமை வரவேண்டும்? அவள் தன் காதலை அறிந்துகொள்வது அந்தப் பொறாமையின் வழியாகத்தான். இவ்விடத்தில் சாவித்திரியின் முகம் செய்யும் வேலையை எந்த உரையாடலும் செய்துவிட முடியாது.

இந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு விந்தையும் உண்டு. திரையில் பொய்த் தம்பதியராக நின்ற இருவரும் 1952-லேயே மறைவாக மணம் புரிந்துகொண்டவர்கள். தாய்மொழியும் சமூகமும் அவர்களுக்கு வேறு வேறு. அவருக்கோ முன்னரே குடும்பம் இருந்தது. மெய் மணத்தை ஊருக்கு மறைத்தவர்கள், பொய் மணத்தை ஊரறிய நடித்தார்கள்!

படம் முடியும் இடத்துக்கு வருவோம். இந்துவும் கிறித்தவளும் காதலர் ஆகிவிட்டார்கள். இனி மணம் நடப்பது எப்படி? 1955-ஆம் ஆண்டின் கொட்டகையில் அந்தக் கேள்வி சிறியதன்று. சிறப்புத் திருமணச் சட்டம் நிறைவேறியது அதற்கு முந்தைய ஆண்டான 1954-இல். மதம் மாறாமலே இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொள்ள அச்சட்டம் வழி வகுத்தது. படம் அந்த வழியில் செல்லவில்லை. மேரி உண்மையில் மேரியே அல்லள் என்கிறது. சிறு வயதில் தொலைந்துபோன ஜமீன்தாரின் மூத்த மகள் மகாலட்சுமிதான் அவள். காலில் உள்ள மச்சம் சான்று சொல்கிறது. கிறித்தவப் பெற்றோர் வளர்ப்புப் பெற்றோர் ஆகிவிடுகிறார்கள், தடை தானே கரைந்துவிடுகிறது.

இங்கே இரண்டு பொய்கள் இருப்பதைக் கவனிக்க வேண்டும். 'நாங்கள் கணவன் மனைவி' என்று வயிற்றுப் பிழைப்புக்காக அவர்கள் சொன்ன பொய் முதலாவது. அதைக் காதல் மெய்யாக்கிவிட்டது. 'நாங்கள் வெவ்வேறு பிறப்பினர் அல்லர்' என்பது இரண்டாவது. இதைச் சொன்னவர்கள் காதலர்கள் அல்லர், கதை சொன்னவர். அவையோர் சினம் கொள்வார்களோ என்ற அச்சம் அவரை அவ்வாறு சொல்ல வைத்தது. முதற்பொய் குறும்பு, மன்னிக்கத் தக்கது. இரண்டாவதை அவ்வளவு எளிதாக மன்னிப்பதற்கில்லை.

வங்காளத்தையோ திரையுலகையோ மட்டும் இதற்குக் குறை சொல்லிப் பயனில்லை. தொல்காப்பியம் மெய்ப்பாட்டியலில் தலைவனுக்கும் தலைவிக்கும் இருக்க வேண்டிய ஒப்புமைகள் பத்தினை எண்ணுகிறது. அப்பத்தில் முதலில் வைக்கப்பட்டது பிறப்பு. அன்பு முதலில் வரவில்லை. தலைவன் உயர்ந்தவனாயினும் குற்றமில்லை என்று களவியல் ஒரு வாயிலைத் திறந்து வைக்கிறது. தலைவி உயர்ந்தவளாவதற்கு அப்படி ஒரு வாயில் இல்லை. அடியோரும் வினைவலரும் கைக்கிளைக்கும் பெருந்திணைக்கும் உரியர் என்று ஒதுக்கப்பட்டார்கள். தோழி செவிலியிடம் சொல்லும் அழகிய பொய்களுக்கெல்லாம் இடம் கொடுத்த அகத்திணை, பிறப்பு என்று வந்தவுடன் கைகட்டி நின்றுவிடுகிறது.

வள்ளியின் கதையும் இதே பாதையில் நடந்தது. பங்குனிப் பொங்கலிலும் சித்திரைப் பொங்கலிலும் தென் மாவட்டத்து ஊர்களில் விடிய விடிய நடக்கும் 'வள்ளி திருமணம்' நாடகத்தை இங்குள்ளோர் பலமுறை கண்டிருப்பர். அதற்கு வடிவம் தந்தவர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922). வேலன் வேடனாகிறான், வேங்கை மரமாகிறான், விருத்தனாகிறான். கடவுளின் மகிமையைக் காண்பதற்கா சனம் விழித்திருக்கிறது? பொய் வேடத்தோடு வந்தவனைப் புனங்காக்கும் பெண் ஒருத்தி தருக்கத்தில் மடக்கும் அழகைக் கேட்கவே விழித்திருக்கிறது. நற்றிணையில் வள்ளி முருகனோடு உடன் சென்றவளாக வருகிறாள். அங்கே அவளுக்கு வேறு பிறப்பு எதுவும் கற்பிக்கப்படவில்லை. கந்தபுராணத்துக்கு வரும்போதோ அவள் முற்பிறவியில் திருமாலின் மகள், மான் வயிற்றில் உதித்து வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியில் கிடந்தவள், நம்பிராசன் அவளை எடுத்து வளர்த்தவன் மட்டுமே. குறவர் குடிக்கு மணமகளைப் பெற்ற பெருமை போய் வளர்த்த கூலி மிஞ்சிற்று. மேரியின் காலில் இருந்த மச்சமும் வள்ளியின் முற்பிறவியும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. மதுரை வீரனைக் காசி அரசன் மகனாக்கியதும் இவ்வகையே.

ஒட்டுப் போட்ட தையல் கண்ணுக்குத் தெரியும் இடமும் ஒன்று உண்டு. அது முத்துப்பட்டன் கதை. அந்தணனான முத்துப்பட்டன் பொதிகைச் சாரலில் பொம்மக்கா, திம்மக்கா என்ற சகோதரியர் பாடக் கேட்டு மனம் இழக்கிறான். அவர்கள் தந்தை வாலப்பகடை, சக்கிலியர் குலத்தவர். அவரிடமே சென்று பெண் கேட்கிறான். நடிப்பவர்களை வாலப்பகடைக்குத் தெரியும். எனவே குடுமியையும் பூணூலையும் களைந்து, நாற்பது நாள் தம்மவர் போல் வாழ்ந்து, தோல் வேலை கற்று வரச் சொல்கிறார். அண்ணன்மார் தடுத்தும் அவன் அப்படியே செய்கிறான். வேடம் களைந்த நிலையில் மணம் நடக்கிறது. பின்னர் மாமனாரின் மாட்டுக் கிடையைக் காக்கப் போரிட்டு மாள்கிறான். மனைவியர் இருவரும் தீப்புகுகிறார்கள். தமிழ்க் கதைகளில் மேலிருப்பவன் கீழிறங்கி வந்து தேர்வு எழுதிய இடம் இதைப் போல் வேறொன்று காண்பது அரிது.

இதனையும் விட்டு வைத்தார்களா? பொம்மக்காவும் திம்மக்காவும் அந்தணர் வயிற்றில் பிறந்து காட்டில் விடப்பட்டவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்றொரு பிறப்புக் கதை பின்னர்ச் சேர்க்கப்பட்டது. இக்கதைப் பாடலைப் பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை (மதுரைப் பல்கலைக்கழக வெளியீடு, 1971) அதை மூலக் கதையின் பகுதியாக ஏற்கவில்லை. அவர் ஏற்காதது சரியே. பெண்கள் அந்தணர் எனில் முத்துப்பட்டன் செருப்புத் தைத்தது எதற்காக?

பெருமாள்முருகனின் 'பூக்குழி' (2013) இவ்வரிசையைத் தலைகீழாக்கிய நாவல். அங்கே குமரேசன், சரோஜா இருவரின் மணம் மெய், சொல்லப்படும் பிறப்பு பொய். 'அவளும் நம் சாதிதான்' என்று தாயிடமும் ஊரிடமும் சொல்லி ஒண்டிக்கொள்ளப் பார்க்கிறான் குமரேசன். 'மிஸ்ஸியம்மா'வில் எல்லோரையும் காப்பாற்றிய அதே இரண்டாம் பொய்தான் இது. வேறுபாடு ஒன்றே. திரைப்படத்தில் அதைச் சொன்னது கதை சொன்னவர், ஆகவே பலித்தது. நாவலில் சொல்பவன் சோடாக் கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞன், ஆகவே ஊர் நம்பவில்லை. அவளுடைய நிறத்தையும் பேச்சையும் துருவித் துருவிப் பார்க்கிறது, ஒதுக்கி வைக்கிறது, இறுதியில் புதரைச் சூழ்ந்து தீ மூட்டுகிறது. இதை மிகைக் கற்பனை என்று ஒதுக்கவும் முடியாது. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில், பட்ட பகலில், பேருந்து நிலையத்தின் அருகே, சாதி கடந்து மணந்த பொறியியல் மாணவர் ஒருவர் மனைவியின் கண்ணெதிரே வெட்டப்பட்டு இறந்தார். அவர்கள் எந்தப் பொய்யும் சொல்லவில்லை.

இவ்வட்டாரத்துக் கவிஞர்களுக்கு இது தொலைவான செய்தி அன்று. பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் அறையொன்றில் நால்வருக்கு மேல் இருத்தல் கூடாது என்பது விதி. அந்த நால்வரும் எக்குலத்தவர் என்று விதி கேட்பதில்லை. வெடித்தால் நால்வருக்கும் ஒரே தீ. மாலையில் ஆலைப் பேருந்து ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று நால்வரையும் நான்கு இடத்தில் இறக்கிவிடுகிறது. 'தீப்பெட்டி ஆபீஸ்' என்று சனங்கள் வழங்கும் இடங்களிலும் கதை இதுவே. அருகருகே அமர்ந்து கட்டை அடுக்கிய இருவர் வழியில் எவரேனும் கேட்டால் 'அண்ணன்' என்றும் 'தங்கச்சி' என்றும் சொல்லிக்கொள்வதுண்டு. அதுவும் ஒரு பொய் உறவுதான். காதலுக்கு அஞ்சிச் சொல்லும் பொய்யாதலால், அது மெய்யாவதை எவரும் விரும்புவதில்லை. இந்தப் பொய்யைப் பற்றி இன்னும் போதிய கவிதைகள் வரவில்லை. எழுதுவோர் எவராயினும் முடிவில் ஒரு மச்சத்தைத் தேடிப் போகாதிருப்பார்களாக.

முத்துப்பட்டன் இன்று பட்டவராயன். பாபநாசத்துக்கு மேலே காரையாற்றங்கரையில், சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவனுக்கும் மனைவியர் இருவருக்கும் இடம் உண்டு. ஆடி அமாவாசைக்கு அங்கே செல்வோர் தோற்செருப்பு தைத்துக் காணிக்கையாகக் கட்டுகிறார்கள். அடுத்த ஆண்டு போய்ப் பார்த்தால் அச்செருப்புகள் நடந்து தேய்ந்திருக்கும் என்று சொல்கிறார்கள்.