மறைத்தல் தகாது
(தாராபுரத்தில் நடந்த நமது சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



வீட்டில் கன்னமிட்டவனைக் கண்டால் ஊரைக் கூவியழைப்பது நம் வழக்கம். கணினியில் கன்னமிட்டாலோ, மானம் போமென்று வாய்மூடுகிறோம். இது முறையா?

கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிகழ்ந்ததைச் சிந்தியுங்கள். கணினியிற் பகைவர் புகுந்தனரென்ற செய்தி பொய்யென்று 2019 அக்டோபர் 29-ந் தேதி நிலையத்தார் அறிக்கை விடுத்தனர். மறுநாளே, நிர்வாக அலுவலுக்குரிய கணினியொன்றில் தீநிரல் புகுந்தது மெய்யென்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. செப்டம்பர் 4-ந் தேதியே அவர்களுக்கு அது அறிவிக்கப்பட்டிருந்ததாம்! உலையை இயக்கும் கருவிகளுக்குத் தீங்கில்லை என்றனர். ஆயினும், முன்னர் மறுத்தவர் பின்னர் மெய்யே உரைப்பினும் ஜனங்கள் ஐயுறுவரன்றோ?

தாக்குதலை அறிந்த 6 மணி நேரத்திற்குள் தன் கணினிப் பாதுகாப்பு நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 2022-ல் மத்திய சர்க்கார் விதித்தது. நன்று. பாதிக்கப்பட்ட குடிகளுக்கும் அவ்விதமே விரைந்து உரைத்தல் சர்க்காரின் கடன்.

நம் கடன் யாது? நூலோ யந்திரமோ வாங்கும் வியாபாரிகள், விற்போரின் வங்கிக் கணக்கு மாறியதென்று மின்னஞ்சல் வரின், முன்பே அறிந்த தொலைபேசி எண்ணில் விசாரித்த பின்னரே பணம் அனுப்புக. ஏமாந்தோர் நாணாது உடனே 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவிக்க. தாமதித்தால் பணம் பல கை மாறிவிடும்.

திருடனுக்கு இருளே துணை. அவ்விருளை நாமே அளிக்கலாகாது.