உம்மா விழுந்தால் யாருக்குத் தெரியும்?

 

பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் தொடர்மாடி வீடுகளில் உம்மாவோ வாப்பாவோ தனித்திருக்க, பிள்ளைகள் கட்டாரிலும் இலண்டனிலும் வாழ்கின்ற காலமிது. மாதந்தோறும் பணம் வருகிறது. தொலைபேசி அழைப்பும் தவறுவதில்லை. ஆயினும் ஸுபஹுக்கு உளூச் செய்யச் சென்ற உம்மா ஈரத் தரையில் வழுக்கி விழுந்தால், அதை முதலில் அறிபவர் யார்?

உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டின்படி, ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 684,000 பேர் விழுவதனால் மரணிக்கின்றனர். அவர்களுள் 60 வயதைக் கடந்தோரே அதிகம். எலும்பு முறிவு மாத்திரமன்று ஆபத்து. எழ இயலாமல் மணிக்கணக்கில் தரையிலேயே கிடப்பவரின் உடலில் நீர் வற்றுகிறது. தசைகள் சிதைந்து சிறுநீரகம் பாதிப்படைகிறது.

இந்நேரத்தைக் குறைக்கவே விழுதலை உணரும் கருவிகள் வந்துள்ளன. 2018இல் வெளியான ஆப்பிள் கைக்கடிகாரம் இவற்றுள் பலரறிந்தது. உடல் திடீரெனச் சரிவதையும் தரையில் மோதுவதையும் அது அளக்கிறது. அணிந்தவர் ஏறக்குறைய ஒரு நிமிடம் அசைவற்றிருந்தால் தானாகவே அவசர அழைப்பை எடுக்கிறது. நல்லதொரு சாதனமே. ஆனால் உளூச் செய்யும்போது உம்மா அதைக் கழற்றி வைக்கிறார். இரவில் அது மின்னேற்றத்தில் கிடக்கிறது. சுவரைப் பிடித்தவாறு மெல்லச் சரிந்து விழுந்தால், கையில் இருந்தாலும் அது உணராமற் போகலாம். சிலர் குளியலறையில் கமரா பொருத்தவும் முற்படுகின்றனர். பெற்றோரின் அவ்ரத்தை மறந்த பாதுகாப்பு இது! படம் பிடிக்காமல் அசைவை மட்டும் அறியும் ராடார் உணரிகளும் உள்ளன. எதுவாயினும் அவர்களுடைய சம்மதத்தைக் கேளுங்கள்.

அருமை இளைஞர்களே! கருவி வாங்குமுன் குளியலறைச் சுவரில் கைபிடி பொருத்துங்கள். அமர்ந்து உளூச் செய்ய ஓர் ஆசனம் வையுங்கள். முன்னர் விழுந்ததுண்டா என்று கனிவுடன் வினவுங்கள். பிள்ளைக்குச் சுமையாகிவிடுவோமோ என அஞ்சி அதை மறைக்கும் பெற்றோர் பலர். ஒரு தடவை விழுந்தவர் மீண்டும் விழும் வாய்ப்போ இரு மடங்காகிறது.

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனம், பெற்றோரின் முதுமையைப் பிள்ளையின் அருகில் அடையும் முதுமையாகவே பேசுகிறது. நமது நாட்டின் 2000ஆம் ஆண்டு 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணிப்பதைத் தடுக்கிறது. தொலைவில் வாழ்பவர் அந்த அருகாமையை எவரிடம் ஒப்படைத்துள்ளார்?

டோஹாவில் மகனின் தொலைபேசி அலறலாம். பாமன்கடையில் இரும்புக் கதவு உட்புறம் பூட்டியிருக்குமே! 2016இல் ஆரம்பமான 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் சேவை இலவசமானது. ஆனால் ஒழுங்கையின் பெயரையும் மாடி இலக்கத்தையும் ஒருவர் சொல்லியாக வேண்டும். வந்தவர்களுக்குக் கதவைத் திறந்தும் விடவேண்டும். அடுத்த வீட்டாரிடம் இன்றே பேசுங்கள். அவர் எம்மதத்தவராயினும் அண்டை வீட்டாரே. உட்தாழ்ப்பாளை அகற்றி, வெளியிலிருந்து திறக்கும் பூட்டைப் பொருத்தி, அதன் மறுசாவியை அவரிடம் கொடுத்து, உங்கள் இலக்கத்தையும் எழுதி வையுங்கள்.