யாரை உட்கார வைப்பது?



கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நான் வழக்கமாகச் சாயா குடிக்கும் கடையில் இரண்டு பேப்பர் வரும், ஒன்று தமிழ், ஒன்று மலையாளம். மற்ற நாளில் அவரவர் பெஞ்சில் அவரவர் பேப்பர். டெஸ்ட் தொடருக்கு இந்திய அணியை அறிவித்த மறுநாள் காலையில் மட்டும் இரண்டும் கைமாறிக் கைமாறிக் கசங்கிப் போகும். மொழி தெரியாதவர்கூட எழுத்துக் கூட்டிப் பெயர்களைப் படித்துவிடுவார்.

அந்தக் கடைக்காரர் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். "இவரை எடுத்திருக்கணும்" என்று யாராவது சொன்னால், அவருக்காக யாரை உட்கார வைப்பது என்பதையும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அந்தப் பெஞ்சு குடித்த சாயாவுக்கெல்லாம் அவர்தான் காசு கொடுக்க வேண்டும். இந்தியத் தேர்வுக் குழுவில் ஐந்து பேர் இருக்கிறார்கள். அவர்கள் படும் பாட்டை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

2025 மே மாதம் இங்கிலாந்து போகும் அணியை அறிவித்தபோது கடையில் இரண்டு பெஞ்சுக்கும் சந்தோஷம். சென்னையின் சாய் சுதர்சனும் இருந்தார், கருண் நாயரும் இருந்தார். லீட்ஸில் நடந்த முதல் டெஸ்டில் இரண்டு பேரும் ஆடினார்கள். முதல் இன்னிங்ஸில் இரண்டு பேருக்கும் பூஜ்யம்! சாய் சுதர்சனுக்கு அது முதல் டெஸ்ட். அடுத்த இன்னிங்ஸில் 30 எடுத்தார், கருண் 20. பர்மிங்காமில் சாயை உட்கார வைத்து, அவருடைய மூன்றாம் இடத்தைக் கருணுக்குக் கொடுத்தார்கள். லார்ட்ஸ் முடிந்ததும் கருணை உட்கார வைத்துச் சாயைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், மான்செஸ்டரில் அவர் 61 அடித்தார். ஓவலில் மறுபடி இருவரும். அங்கே கருணுக்கு ஒரு 57. அந்த இரண்டு மாதமும் எங்கள் கடையில் ஒரு பெஞ்சு சிரித்தால் இன்னொரு பெஞ்சு முறைத்தது.

இதில் ஒரு வேடிக்கை. மலையாளப் பெஞ்சு உரிமை கொண்டாடிய கருண் நாயர் குடும்பத்தால் மலையாளி, அவ்வளவுதான். பிறந்தது ராஜஸ்தானின் ஜோத்பூரில், ஆடி வளர்ந்தது கர்நாடகத்துக்கு, பிறகு விதர்பாவுக்கு. கேரளத்துக்காக அவர் ரஞ்சி ஆடியதே இல்லை. ஆனால் வாளையாறுக்கும் கோவிந்தாபுரத்துக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது விசித்திரமே இல்லை. வீட்டில் ஒரு மொழி, பள்ளிக்கூடத்தில் ஒரு மொழி, ரேஷன் கார்டில் ஒரு மாநிலம் என்று வாழ்கிற நாங்கள் யாரையும் சட்டென்று "நம்மாளு" ஆக்கிக்கொள்வோம்.

கருண் நாயருக்கு நடந்தது அநியாயமா? ரொம்ப நாள் நானும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தேன். 2016 டிசம்பர் 19, சேப்பாக்கம். இங்கிலாந்துக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 303. அது அவருக்கு மூன்றாவது டெஸ்ட்தான். சேவாக்குக்குப் பிறகு முச்சதம் அடித்த ஒரே இந்தியர். அடுத்த டெஸ்ட் 2017 பிப்ரவரியில் ஹைதராபாத்தில், வங்கதேசத்துடன். அதில் அவர் இல்லை! காயத்திலிருந்து ரஹானே திரும்பி வந்திருந்தார்.

இங்கேதான் கடைக்காரரின் சட்டத்தை நான் எனக்கே போட்டுப் பார்த்தேன். கருணை ஆட வைக்க வேண்டும், சரி. யாரை உட்கார வைப்பது? ரஹானேயையா? வெளிநாட்டு மண்ணில் பல தடவை அணியைத் தூக்கி நிறுத்தியவர், காயத்தால்தான் இடத்தை விட்டவர். காயம்பட்டவன் திரும்பி வந்தால் இடத்தைக் கொடுப்பதுதான் முறை. அந்த ஹைதராபாத் முடிவு கொடுமையாகத் தெரிந்தாலும் நியாயமானதுதான் என்று இன்று நினைக்கிறேன்.

நியாயமில்லாதது அதற்குப் பிறகு நடந்தது. ஆஸ்திரேலியாவுடன் அதே ஆண்டு மூன்று டெஸ்ட் கொடுத்தார்கள், 54 ரன்தான் எடுத்தார், விட்டார்கள். போகட்டும். 2018-இல் இங்கிலாந்துக்கு அழைத்துப் போய் டெஸ்டுக்கு டெஸ்ட் பெவிலியனில் உட்கார வைத்தார்கள். கடைசி ஓவல் டெஸ்டில் ஓர் இடம் காலியானபோது, தொடரின் நடுவில் ஊரிலிருந்து வரவழைத்த ஹனுமா விஹாரியை இறக்கினார்கள். விஹாரி 56 அடித்தார், அவர்மேல் குறை இல்லை. ஆனால் முதல் நாளிலிருந்து பேட்டைத் துடைத்துக்கொண்டு காத்திருந்தவனுக்கு என்ன பதில்? பெட்டியில் துணியை அடுக்கச் சொல்வது தேர்வுக் குழு, பதினொரு பேரில் நிறுத்துவது கேப்டனும் பயிற்சியாளரும். நாம் பேப்பரைப் பார்த்துத் தேர்வுக் குழுவைத் திட்டுகிறோம். பல நேரம் தவறு நடப்பது டாஸுக்கு முந்தின ராத்திரியில்.

இது புதிதும் இல்லை. காலை 7.15 மணிக்கு வானொலியில் டில்லியிலிருந்து செய்தி வாசிக்கும் சரோஜ் நாராயணஸ்வாமியின் குரல் வந்த காலத்தில், எங்கள் வீட்டுத் திண்ணையில் ஓடிய வழக்கு வேறு: பிரசன்னாவா, வெங்கட்ராகவனா? இரண்டு பேரும் ஆஃப் ஸ்பின், கிடைப்பது பெரும்பாலும் ஓர் இடம். பேடி, சந்திரசேகர், பிரசன்னா, வெங்கட் என்று நால்வர் பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்த நால்வரும் சேர்ந்து ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1967-இல் பர்மிங்காமில். 1971-இல் இங்கிலாந்தை அதன் மண்ணிலேயே முதல் தடவை வென்ற தொடரில் சென்னைக்காரரான வெங்கட் துணைக் கேப்டன். மூன்று டெஸ்டிலும் அவர் ஆடினார், மூன்றிலும் பிரசன்னா உட்கார்ந்திருந்தார். அன்று எங்கள் திண்ணையில் யாரும் அநியாயம் என்று சொல்லவில்லை.

ஐம்பது வருஷம் கழித்து அதே இங்கிலாந்தில் அஸ்வின் உட்கார்ந்தபோதுதான் எங்களுக்குச் சுருக்கென்றது. 2021 தொடரில் அவருக்கு ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. 2023 ஜூனில் ஓவலில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம். தரவரிசையில் முதல் இடத்தில் இருந்த பந்துவீச்சாளர் வெளியே, நான்கு வேகப்பந்து வீச்சாளர்களும் ஜடேஜாவும் உள்ளே. மேகமூட்டமும் புல்லும் காரணம் என்றார்கள். டிராவிஸ் ஹெட் 163, ஸ்மித் 121 அடித்தார்கள், ஆஸ்திரேலியா 209 ரன்னில் வென்றது. எதிரணியில் அத்தனை இடக்கை ஆட்டக்காரர்கள் இருக்கும்போது அஸ்வினை விட்டது தவறு என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன். யாரை உட்கார வைப்பது என்கிறீர்களா? உமேஷ் யாதவை. சாயா காசு நான் தரமாட்டேன்!

சில சமயம் இந்தச் சட்டம் நம் காலையே வாரிவிடும். 2025 நவம்பரில் கொல்கத்தாவில் தென்னாப்பிரிக்காவுடன் டெஸ்ட். அதற்கு முந்தின மாதம்தான் டில்லியில் 87 அடித்திருந்த சாய் சுதர்சனை உட்கார வைத்து மூன்றாம் இடத்தில் இறக்கியது யாரை? வாஷிங்டன் சுந்தரை. அவரும் சென்னைப் பையன்தான். தமிழ்ப் பெஞ்சு வாயடைத்துப் போனது. வாஷிங்டன் 29, 31 என்று அந்தப் பொல்லாத ஆடுகளத்தில் தாக்குப்பிடித்தார், அணி 124 எட்டமுடியாமல் 93-இல் சுருண்டது. மலையாளப் பெஞ்சுக்கு அன்று பேச்சே தேவைப்படவில்லை.

அவர்களுக்கு அதே வருஷம் பிப்ரவரியில் கிடைத்தது வேறு மாதிரிப் பரீட்சை. கேரளம் முதல் முறையாக ரஞ்சி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. அகமதாபாத் அரையிறுதியில் குஜராத்தின் கடைசி ஆள் ஓங்கி அடித்த பந்து, அருகில் நின்ற சல்மான் நிசாரின் ஹெல்மெட்டில் பட்டு எகிற, ஸ்லிப்பில் நின்ற கேப்டன் சச்சின் பேபி பிடித்தார். முதல் இன்னிங்ஸில் இரண்டே ரன் முன்னிலை, அதிலேயே இறுதிக்குப் போய்விட்டார்கள். நாக்பூரில் எதிரே விதர்பா. அதில் கருண் நாயர்! 86 அடித்தார், பிறகு 135 அடித்தார். "நம்மாளு" என்று கொண்டாடியவனே நம் கோப்பையைக் கொண்டுபோனால் கைதட்டுவதா, திட்டுவதா? பெஞ்சில் சிலர் இரண்டையும் செய்தார்கள்.

விதர்பாவின் 379-க்குப் பதிலாகக் கேரளம் 342. சச்சின் பேபி 98-இல் தூக்கி அடிக்கப்போய் அவுட் ஆனார். முன்னிலை போயிற்று, கோப்பையும் போயிற்று. அவர் இடுக்கி மாவட்டத்துத் தொடுபுழாக்காரர். அன்று சாயங்காலம் கடையில் வண்டிப்பெரியாறிலிருந்து வந்திருந்த என் மைத்துனர், தமிழ்ப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, "எங்க ஜில்லாக்காரன், ஒரு தடவையாவது இந்தியாவுக்கு எடுத்திருக்கலாம்" என்றார். மலையாளப் பெஞ்சும் ஆமாம் போட்டது. கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "ஆரெ இருத்தும்?"

சச்சின் பேபி பிறந்தது 1988. அதே 1988-இல் பிறந்த மற்றவர்களை மைத்துனர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஜனவரியில் புஜாரா, ஜூனில் ரஹானே, நவம்பரில் கோலி. மூன்று விரலோடு நிறுத்திக்கொண்டு, சட்டைப் பையில் கைவிட்டு, மொத்தம் எத்தனை சாயா என்று கேட்டார்.