நல்ல துரை போதுமா?

(கொழும்பில் வேலை செய்யும் மலையக இளைஞர்களுக்காகக் களுபோவிலயில் நடந்த ஞாயிறு கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



வரும் வழியில் ஒரு தம்பி சொன்னார்: "சேர், இந்த நாட்டுக்கு ஜனநாயகம் சரிவராது. லீ குவான் யூ மாதிரி ஒருத்தர் பத்து வருஷம் இறுக்கிப் பிடிச்சா எல்லாம் சரியாகும்." அவரை நான் குறை சொல்லவில்லை. காலையிலிருந்து இரவு வரை கடையில் நின்றும் வீட்டுக்குப் பணம் அனுப்ப முடியாதவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். ஆனால் இது நமக்குப் பழைய கதை. தோட்டத்தில் இதற்கு "நல்ல துரை" என்று பெயர்.

அந்தத் துரை கூரைத் தகரம் மாற்றினார், திருவிழாவுக்கு லொறி கொடுத்தார் என்று லயத்தில் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பொய்யல்ல. ஆனால் அவர் மாறிப் போனதும் புதுத் துரை நம் மரக்கறித் தோட்டத்தைப் பிடுங்கினால் யாரிடம் கேட்பது? கிடைத்தது தயவு. தயவுக்கு உறுதிப்பத்திரம் கிடையாது.

நாட்டை ஆண்ட பெரிய துரைமார் மூன்று நியாயம் சொன்னார்கள்.

முதலாவது, "நாடு ஆபத்தில் இருக்கிறது." 1980 ஜூலையில் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்த சுமார் 40,000 பேரை ஜே.ஆர். ஜயவர்தன அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியது. 1982இல் நக்சலைட் சதி என்று சொல்லி, பொதுத் தேர்தலுக்குப் பதிலாக டிசம்பர் 22இல் சர்வஜன வாக்கெடுப்பு நடத்தினார்கள். விளக்குக்குப் போட்டால் பழைய பாராளுமன்றமே தொடரும், குடத்துக்குப் போட்டால் தேர்தல் வரும். விளக்கு வென்றது. 1977இல் வாக்குப் போட்டவர்களுக்கு அடுத்த பொதுத் தேர்தல் 1989இல்தான் வந்தது. ஆபத்தைத் தடுக்க என்று வாங்கிய அந்த அதிகாரம், ஏழே மாதத்தில் வந்த 1983 ஜூலையைத் தடுத்ததா? இந்தக் கொழும்பு நகரமே சாட்சி.

இரண்டாவது, "எனக்குத் தெரியும், நீங்கள் செய்யுங்கள்." 2018இல் கோட்டாபய ராஜபக்ஷவின் பிறந்தநாள் தானத்தில், ஹிட்லராக மாறியாவது நாட்டைக் கட்டியெழுப்பும்படி ஒரு தேரர் அவருக்குச் சொன்னார். 2019இல் 69 இலட்சம் வாக்குகள் கிடைத்தன. 2020 ஒக்டோபரில் 20ஆவது திருத்தம் அதிகாரத்தை அவர் கையில் குவித்தது. பத்து ஆண்டில் சேதனப் பசளைக்கு மாறுவோம் என்று தேர்தலில் சொன்னவர், 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார். விவசாய விஞ்ஞானிகள் சொன்னதைக் கேட்கவில்லை. மலையில் கொழுந்து குறைந்தது, ஆனால் கேட்ட நிறை குறையவில்லை. நிறை எடுக்காத நம் அம்மாமாருக்கு அரைப்பேர் விழுந்தது. விவசாயிகள் வீதிக்கு வந்த பிறகு, நவம்பரில் தடை தளர்ந்தது. பிழையைத் தட்டிக் கேட்க ஆள் இல்லாத இடத்தில், பிழைக்கான சம்பளவெட்டு நமக்குத்தான்.

மூன்றாவது, "நான்தானே கொடுத்தேன்." ஜே.ஆர். காலத்தில்தானே நாடற்றவர்களுக்குக் குடியுரிமை கிடைத்தது என்று கேட்பார்கள். உண்மைதான், 1986இலும் 1988இலும் சட்டங்கள் வந்தன. ஆனால் 1986 தைப்பொங்கலோடு பிரார்த்தனைப் போராட்டம் என்று தோட்டங்கள் வேலையை நிறுத்தியதை ஏன் மறக்க வேண்டும்? அதைக் கொடுத்தவர் பெயர் மட்டும் பேப்பரில் நின்றது.

வாக்கில்லாமல் இருப்பது என்னவென்று நம்மைவிடத் தெரிந்தவர் யார்? 1947இல் மலையகத்திலிருந்து ஏழு பேர் பாராளுமன்றம் போனார்கள். 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பிறகு, 1952இல் ஒருவரும் இல்லை. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு பிரித்தபோது நம்மை யாரும் கேட்கவில்லை. அதைச் செய்தது தேர்தலில் வந்த அரசாங்கங்கள்தான் என்பீர்கள். ஆம், வாக்கில்லாதவர்களுக்கு அவை சர்வாதிகாரமாகவே இருந்தன. சர்வாதிகாரி வந்தால் அன்று நாம் நின்ற இடத்தில் நாடே நிற்கும்.

சிங்கப்பூர் வளர்ந்தது. அங்கே எதிர்க்கட்சிக்காரரான சியா தை போ, 1966இலிருந்து 23 ஆண்டுகள் விசாரணையே இல்லாமல் சிறையில் இருந்தார். லீ வருவார் என்று கதவைத் திறந்து வைத்த நாடுகளில் இடி அமீன்களும் அதே கதவால்தான் வந்தார்கள். நல்ல துரை வருவாரா, கெட்ட துரை வருவாரா என்பது நம் கையில் இல்லை. வந்தவரை இறக்கும் வழி நம் கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக நம் வீட்டைப் பார்ப்போம். "தலைவர் நல்லவர், அவரே இருக்கட்டும்" என்று சொல்லிச் சொல்லி, தலைவர் தெரிவே நடக்காத தோட்டங்கள் இல்லையா? சந்தாக் கணக்கைக் கேட்டவரைத் துரோகி என்று உட்காரச் சொன்ன கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். அன்று வாய் திறக்கவில்லை. அது என் பிழை.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: சந்தாக் கணக்கு எங்கே? தலைவர் தெரிவு எப்போது? என்னைப் பார்த்தாலும் கேளுங்கள். நான் கோபப்பட்டால், அன்றைக்கே என்னை மாற்றுங்கள்.